மக்கும் மசகு எண்ணெய் தொழிற்சாலையில் தாக்குப்பிடிக்குமா? பிடிக்கும் என்றால் ஏன் எல்லோரும் இன்னும் மாறவில்லை?

தாக்குப்பிடிக்கும். ஆனால் பழையதை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்களிடம் தாக்குப்பிடிக்காது. நானும் ஒருமுறை அப்படி நினைத்தவன்தான். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் இயந்திரங்களின் பராமரிப்பில் பல வருடம் கையைப் பிசுக்காக்கியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று யோசியுங்கள்: உங்கள் இயந்திரத்தில் ஊற்றுகிற எண்ணெய் கடைசியில் எங்கே போகிறது? மூடிய கியர்பாக்ஸில் இருப்பதை வடித்து டிரம்மில் பிடித்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பலாம். மரம் அறுக்கும் செயின்சா சங்கிலிக்கு ஊற்றுவது அப்படியில்லை. ஒரு சொட்டுகூடத் திரும்பி வராது. மரத்தூளோடு மண்ணுக்குத்தான் போகும். ரயில் தண்டவாள வளைவுகளில் பூசுகிற கிரீஸும் அதே கதை. கப்பலின் புரொப்பல்லர் தண்டு கடலுக்குள் நீளும் ஸ்டெர்ன் டியூபில் சீல் கொஞ்சம் தேய்ந்தாலே எண்ணெய் தண்ணீரில் கலக்கும். மாற்றத்தை இந்த மாதிரி இடங்களில்தான் தொடங்க வேண்டும். விற்பனையாளர் சொல்கிறார் என்று மூடிய கியர்பாக்ஸில் தொடங்குவது வீண் செலவு.

சட்டமும் அந்த வரிசையில்தான் வந்தது. 2013 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த அமெரிக்கக் கப்பல் அனுமதி விதி, 79 அடிக்கு மேல் நீளமுள்ள வணிகக் கப்பல்களில் எண்ணெயும் கடலும் சந்திக்கும் இடங்களுக்கெல்லாம் சூழலுக்கு உகந்த எண்ணெயைக் கட்டாயமாக்கியது. தொழில்நுட்ப ரீதியாக முடியவே முடியாது என்றால் மட்டும் விலக்கு.

'சூழலுக்கு உகந்தது' என்று லேபிளில் இருந்தால் மூன்று விஷயம் கேளுங்கள். மக்குகிறதா? நீரில் வாழும் உயிர்களுக்கு நஞ்சா? உயிர்களின் உடலில் சேர்ந்துகொண்டே போகுமா? மக்கும் தன்மைக்கு ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் 301 வரிசைச் சோதனைகள் இருக்கின்றன. அதில் ஒரு வகையில், 28 நாளில் எண்ணெயின் கார்பனில் குறைந்தது 60% கார்பன் டை ஆக்சைடாக மாறியிருக்க வேண்டும். 'தாவர எண்ணெயிலிருந்து செய்தது' என்பது இதற்குச் சமமில்லை. அடிப்படை எண்ணெய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும், தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கிற துத்தநாகக் கூட்டுப்பொருள் நீர்வாழ் உயிர்களுக்கு ஆகாது. இன்னொரு குழப்பம் 'உணவுத் தரம்' என்ற முத்திரை. தவறி உணவில் கொஞ்சம் பட்டால் பாதகமில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். பெட்ரோலியத்திலிருந்து வரும் வெள்ளை மினரல் எண்ணெய்க்குக்கூட அது கிடைக்கும். மக்குமா என்பது தனிக் கேள்வி.

தாவர எண்ணெய் ஒன்றும் புது ஐடியா இல்லை. முதல் உலகப்போர் விமானங்களின் சுழல் என்ஜின்கள் ஆமணக்கு எண்ணெயில்தான் ஓடின. காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும் குணம் தாவர எண்ணெய்க்கு இயல்பிலேயே உண்டு. வெப்பம் ஏறும்போது எவ்வளவு இளகாமல் நிற்கிறது என்று சொல்லும் விஸ்காசிட்டி இண்டெக்ஸ் 200ஐ ஒட்டியோ தாண்டியோ இருக்கும். சாதாரண மினரல் எண்ணெய்க்கு அது 100 பக்கம்தான். பலவீனம் அதன் மூலக்கூறிலேயே இருக்கிறது. இரட்டைப் பிணைப்புகள் இருக்கும் இடத்தில் ஆக்சிஜன் புகுந்துகொள்ளும், எண்ணெய் பிசினாகும். வாணலியின் வெளிப்பக்கம் படிந்து சுரண்ட வராத அந்தப் பழுப்புப் படலம் இருக்கிறதே, அதேதான் பம்புக்குள்ளும் உருவாகிறது. குளிரில் உறைவது இன்னொரு தொல்லை.

இதை இரண்டு வழியில் சமாளித்தார்கள். ஒன்று பயிரிலேயே கை வைப்பது: இரட்டைப் பிணைப்பு ஒன்று மட்டுமே உள்ள ஒலியிக் அமிலம் அதிகமுள்ள சூரியகாந்தி ரகங்கள். இன்னொன்று தாவர எண்ணெயில் கொழுப்பமிலங்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கிளிசரினைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் டிரைமெத்திலால்புரொப்பேன் போன்ற ஆல்கஹாலை வைத்து எஸ்டர் தயாரிப்பது. கிளிசரினில் வெப்பத்துக்கு முதலில் உடைகிற ஹைட்ரஜன் இதில் இல்லை என்பதால் ஆயுள் கூடுகிறது. கூடவே இரட்டைப் பிணைப்பே இல்லாத நிறைவுற்ற கொழுப்பமிலங்களைப் பயன்படுத்தினால் ஆக்சிஜனையும் நன்றாகவே தாங்கும். விலை மட்டும் மினரல் எண்ணெயைவிடப் பல மடங்கு.

இனி என் கதை. நீர்மதகு ஒன்றைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் யூனிட். கீழே ஓடும் தண்ணீர், அதனால் எஸ்டர் எண்ணெய்க்கு மாறினோம். மூன்றாம் நாளே ஃபில்டர் அலாரம் அடித்தது. புது ஃபில்டர் போட்டோம், ஒரே வாரத்தில் அதுவும் அடைத்தது. 'இந்த பயோ எண்ணெய் சரக்கு சரியில்லை' என்று ஆளுக்கு ஆள் தீர்ப்பு சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். ஃபில்டரை வெட்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது: அடைத்திருந்தது பழைய மினரல் எண்ணெய் வருடக்கணக்கில் விட்டுப்போன கசடு. எஸ்டர் நல்ல கரைப்பான். டேங்க், குழாய் எல்லாவற்றிலும் ஒட்டியிருந்ததை அதுவாகவே கழுவிக் கொண்டுவந்திருக்கிறது. முன்கூட்டியே நன்றாகக் கழுவியிருக்க வேண்டியது எங்கள் வேலை. மிஞ்சும் பழைய எண்ணெய் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று இந்த எண்ணெய்களுக்கான ஐஎஸ்ஓ 15380 தரநிலையே வழிகாட்டுகிறது. சிலிண்டரிலும் ஹோஸிலும் தேங்கி நிற்பதைக் கணக்கில் எடுத்தால், ஒருமுறை வடித்து அந்த அளவை எட்டுவது கஷ்டம்.

இரண்டாவது அடி சில மாதம் கழித்து. சோதனைக்கு சாம்பிள் அனுப்பினால், எண்ணெயில் எவ்வளவு அமிலம் சேர்ந்திருக்கிறது என்று காட்டும் அமில எண் ஏறியிருந்தது. காரணம் தண்ணீர். டேங்கின் மூச்சுத்துளையில் வெறும் வலை மூடிதான் இருந்தது. ஈரக்காற்று உள்ளே போய் இரவில் குளிர்ந்து நீராகிறது. மினரல் எண்ணெயில் அந்த நீர் பெரும்பாலும் அடியில் தங்கும், வடித்துவிடலாம். எஸ்டர் தண்ணீரோடு வினைபுரிந்து திரும்ப அமிலமும் ஆல்கஹாலுமாகப் பிரியும். பழைய எண்ணெய் பல வருடம் மன்னித்துவந்த ஒரு கவனக்குறைவைப் புதியது மன்னிக்கவில்லை, அவ்வளவுதான்.

சீல், பெயின்ட், துத்தநாகம் பூசிய பாகங்கள் எல்லாவற்றையும் முன்பே சரிபார்க்க வேண்டும். சாதாரண நைட்ரைல் ரப்பர் சில எஸ்டர்களில் ஊதிவிடும். மக்கும் எண்ணெயிலேயே இன்னொரு வகையான பாலிகிளைக்கால் என்றால் மினரல் எண்ணெயோடு கலக்கவே கூடாது. பேரிங்குக்கு வாங்கும்போது இன்னொன்றும் கவனியுங்கள்: எண்ணெயின் கெட்டித்தன்மையைச் சொல்லும் விஸ்காசிட்டி கிரேடு ஒன்றேயானாலும், அழுத்தம் ஏறும்போது மினரல் எண்ணெய் அளவுக்கு எஸ்டர்கள் பொதுவாகக் கெட்டியாவதில்லை. பெரும் சுமையில் உலோகங்களுக்கு நடுவே நிற்கும் எண்ணெய்ப் படலம் மெலிந்துபோகலாம்.

ஏன் எல்லோரும் மாறவில்லை என்பதற்கு என் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. கொள்முதல் பிரிவு லிட்டர் விலையைப் பார்க்கிறது. பராமரிப்புப் பிரிவு முதல் ஃபில்டர் அடைப்பிலேயே நம்பிக்கை இழக்கிறது. கசிவால் வரும் செலவு இரண்டு பேர் கணக்கிலும் வருவதில்லை. இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு: 'மக்கும் எண்ணெய்தானே' என்று கசிகிற ஹோஸை அப்படியே விடுவது. மக்கும்போது அது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுதான் மக்குகிறது. மீனுக்கு அதுவும் மூச்சுத்திணறல்தான்.

சில இடங்களில் எண்ணெயே வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1850களிலேயே கப்பல் தண்டுக்கு லிக்னம் வைட்டே என்ற கடினமான மரத்தில் பேரிங் செய்து, கடல்நீரையே மசகாக விட்டு ஓட்டினார்கள். இன்று அதே வேலையைப் பாலிமர் பேரிங்குகள் செய்கின்றன.

உங்களிடம் யூனிட் இருந்து மாறுவதாக இருந்தால், எண்ணெயைத் தேர்ந்தெடுக்கும் முன் டேங்கின் தலையில் மூச்சுத்துளைக்கு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பிரீதர் மூடி ஒன்றை மாட்டுங்கள். ஒரு மாதம் கழித்து ஜெல்லின் நிறத்தைப் பாருங்கள். அதற்குள்ளாகவே முழுவதும் நிறம் மாறியிருந்தால், ஈரம் எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடித்து அடைத்த பிறகு எண்ணெய் விற்பவருக்குப் போன் செய்தால் போதும்.