விமானமும் தளபதிகளும்

அன்புள்ள ஐயா,

விமானம் வந்த புதிதில், போருக்கு இது உதவாது என்று ராணுவத்தார் ஒதுக்கினார்களாம். ரைட் சகோதரர்களையே திருப்பி அனுப்பினார்களாமே! அவ்வளவு முட்டாள்களா அவர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1905இல் ரைட் சகோதரர்களின் கடிதம் வந்தபோது, அமெரிக்க ராணுவம் ஏற்கெனவே சூடு கண்டிருந்தது. சாமுவேல் லாங்லி என்ற விஞ்ஞானிக்கு 50,000 டாலர் கொடுத்தார்கள். அவருடைய விமானம் 1903இல் இரண்டு தடவையும் போட்டோமாக் ஆற்றில் விழுந்தது. பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. அதனால்தான், ஆளை ஏற்றிக்கொண்டு பறந்து காட்டிய பிறகு பேசலாம் என்று பதில் போட்டார்கள். ரைட் சகோதரர்களோ ஒப்பந்தம் போடாமல் காட்டுவதற்குத் தயாராக இல்லை. சரி, 1909இல் ஒருவழியாக வாங்கிவிட்டார்கள்.

என்னை உறுத்துவது இன்னொரு கணிப்பு. அது ரைட் சகோதரர்களுடையது. வானத்திலிருந்து எல்லாம் தெரிந்துவிட்டால் எதிரியைத் திடீரென்று தாக்கி ஜெயிக்க முடியாது, அப்புறம் எந்த நாடு போருக்குப் போகும் என்று அவர்கள் மனதார நம்பினார்கள். விமானத்தை அவர்கள் கண்ணாகத்தான் பார்த்தார்கள். தளபதிகளில் பலரும் அப்படித்தான், வேவு பார்க்கும் குதிரைவீரனுக்குப் பதிலாக இது என்று.

கண்ணுக்குக் கையும் முளைத்த நாள் 1911 நவம்பர் 1. லிபியாவில் துருக்கியருடன் இத்தாலி போரிட்டுக்கொண்டிருந்தது. ஜூலியோ கவோட்டி என்ற இளம் அதிகாரி நான்கு சிறு குண்டுகளோடு கிளம்பினார். குண்டு போட விமானத்தில் எந்த ஏற்பாடும் கிடையாது. ஒரு கையால் விமானத்தை ஓட்டிக்கொண்டே, மறு கையால் குண்டை எடுத்து, இறக்கையில் பட்டுவிடாமல் வெளியே வீசினார். முகாமின் நடுவே சின்னதாக ஒரு கரும்புகை எழுந்ததைப் பார்த்ததாகத் தன் அப்பாவுக்கு எழுதினார். பெரிய சேதம் இல்லை. ஆனால் அந்தப் புகையை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

ஆறே வருடம். 1917 ஜூன் 13 அன்று ஜெர்மன் விமானங்கள் பட்டப்பகலில் லண்டன்மேல் குண்டு போட்டதில் 162 பேர் செத்தார்கள். பாப்லர் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் மட்டும் 18 குழந்தைகள், பெரும்பாலும் ஐந்தாறு வயதுப் பிள்ளைகள். இனிமேல் போர்களே நடக்க முடியாதபடி செய்யும் ஒன்றை உலகத்துக்குக் கொடுப்பதாக நானும் என் அண்ணனும் நினைத்தோம் என்று ஆர்வில் ரைட் ஒரு கடிதத்தில் எழுதியது அதே ஜூன் மாதத்தில்தான். அண்ணன் வில்பர் இறந்து அப்போது ஐந்து வருடம் ஆகியிருந்தது.