மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத இடத்துக்கு மலிவான குட்டி வீடு: கேள்வி-பதில்

கேள்வி: மின் இணைப்பு, குழாய்த் தண்ணீர் எதுவும் இல்லாத சொந்த நிலத்தில் நானும் மனைவியும் எளிமையாக வாழப்போகிறோம். கையில் பணம் குறைவு. பழைய கப்பல் கன்டெய்னர், ரெடிமேட் மரக் குடில், பெரிய கேன்வாஸ் கூடாரம், இந்த மூன்றில் எதை வாங்குவது?

பதில்: விலையைப் பார்க்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: தண்ணீர் இதற்குள் எந்த வழியாக வரும்? மலிவான குட்டி வீடுகள் பெரும்பாலும் தண்ணீரால்தான் கெட்டுப்போகின்றன. மேலே கூரை வழியாக வரும், கீழே தரை வழியாக வரும், அப்புறம் உள்ளிருந்தே வரும். மூன்றாவதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. மூடிய சின்ன அறையில் இரண்டு பேர் ஓர் இரவு தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலுமாகச் சுமார் அரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். அது எங்காவது போய்ப் படிந்தாக வேண்டும்.

கன்டெய்னரில் அது இரும்பில் படியும். குளிர்ந்த விடியற்காலையில் கூரையின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள், உள்ளங்கை நனைந்துவிடும். இதைத் தடுக்க உள்ளே முழுவதும் ஃபோம் அடித்து, அதன்மேல் பலகை பதிக்க வேண்டும். 20 அடிப் பெட்டியின் உள் அகலமே சுமார் 2.35 மீட்டர்தான். இரு பக்கமும் ஏழெட்டு சென்டிமீட்டர் போனால் மிஞ்சுவது 2.2 மீட்டர். ஜன்னலுக்கு இடம் வெட்டினால் அங்கே சுவர் பலவீனமாகும். அந்த நெளி தகடும் பாரம் தாங்குவதுதான், எனவே வெட்டிய இடத்தைச் சுற்றி இரும்புச் சட்டம் வெல்டிங் செய்தே ஆக வேண்டும். காலிப் பெட்டியின் எடை இரண்டு டன்னுக்கு மேல். லாரியும் க்ரேனும் உங்கள் நிலம் வரை வர வழி இருக்கிறதா? இன்னொன்று, தரையில் இருக்கும் ப்ளைவுட்டுக்குப் பெரும்பாலும் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள். மரத்துக்கு என்ன மருந்து என்ற விவரம் பொதுவாகக் கதவில் உள்ள உலோகத் தகட்டில் இருக்கும். அதைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். பொருள்களைப் பூட்டி வைக்கக் கன்டெய்னர் அருமையானது. குடியிருப்பதற்கு, எல்லாச் செலவையும் கூட்டிப் பார்த்தால், அது மலிவே இல்லை.

என் ஓட்டு மரக் குடிலுக்கு. ஆனால் விளம்பரத்தில் போட்டிருக்கும் விலைக்குப் பெரும்பாலும் வெறும் கூடுதான் வரும். தரை சேர்த்தியா, கூரைக்கு மேல்விரிப்பு உண்டா, நிலத்தோடு பிணைக்கும் இரும்பு தருவார்களா, இறக்கும் கூலி யாருடையது என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சுவர்ப் பலகையின் கனத்தையும் கேளுங்கள். தோட்டக் கருவி வைக்கச் செய்த ஷெட்டையே ‘குடில்’ என்று பெயர் மாற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். கூரை சுவரைத் தாண்டி ஒரு முழமாவது வெளியே நீண்டிருக்க வேண்டும். தரை மண்ணைத் தொடாமல், அடியில் காற்று ஓடும்படி தூண்கள்மேல் நிற்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் சாதாரண மரம்கூடப் பல வருடம் நிற்கும். இல்லாவிட்டால் நல்ல மரமும் அடியிலிருந்து உளுத்துவிடும்.

குடிலில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 15 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால், சிந்தியது போகக் கிட்டத்தட்ட 250 லிட்டர் தொட்டிக்கு வந்துவிடும். ஒரே பக்கம் சாயும் தகரக் கூரை என்றால் ஒரு குழாய் போதும், சூரிய மின்தகடும் அதன்மேலேயே உட்காரும். வட்டக் கூடாரத்தில் இந்த இரண்டுமே சிரமம்.

முடிந்தால் முதலில் கூடாரத்தில் ஒரு பருவம் அதே நிலத்தில் இருந்து பாருங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, மழைத் தண்ணீர் எங்கே தேங்குகிறது, காலை வெயில் எங்கே விழுகிறது என்பதெல்லாம் நிலத்தில் படுத்து எழுந்தால்தான் தெரியும். அதற்குப் பிறகு குடிலை வாங்கினால் அதை வைக்கும் இடம் தப்பாது. நன்றாகப் பராமரித்த கூடாரத்தை விற்றாலும் ஒரு பகுதி பணம் திரும்பி வரும்.

கேள்வி: புதிய பருத்திக் கேன்வாஸ் கூடாரம் முதல் மழையிலேயே தையல் ஓரமாக ஒழுகிவிட்டது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். பருத்தி நூல் நனைந்தால் ஊறிப் பருக்கும். அப்போதுதான் ஊசித் துளைகள் அடைபடும். கூடாரத்தை விரித்து நன்றாக நனைத்து, முழுவதும் காயவிடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தும் ஒழுகினால் தாராளமாகத் திருப்பிக் கொடுங்கள். பாலியெஸ்டர் துணிக்கு இந்த வைத்தியம் பலிக்காது. அதில் தையல் நாடாவும் மேல்பூச்சும்தான் காவல், முதல் மழையில் ஒழுகினாலே அது குறைபாடுதான்.

ஈரத்தோடு மட்டும் மடித்து வைக்காதீர்கள். சில நாளிலேயே கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம் பிடித்துவிடும், அப்புறம் அந்தக் கறை போகவே போகாது. வருடம் முழுவதும் நிற்கும் கூடாரத்தின் ஆயுளை வெயிலும் தின்னும். மேலே தனியாக ஒரு மலிவான நிழல் விரிப்பு கட்டிவிடுங்கள். வெயிலில் நைந்து போவது அதுவாக இருக்கட்டும்.

கேள்வி: காரின் பின்னால் கட்டி இழுக்கும் சக்கர வீடான பழைய கேரவன் ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. உள்ளே எல்லாம் புதிதாகப் பெயின்ட் அடித்து அழகாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: அந்தப் புதுப் பெயின்ட்தான் எனக்குப் பயம் தருகிறது. பல வருடங்களுக்கு முன் நானும் அப்படி ஒன்றை வாங்கினேன். விற்றவர் நல்ல மனிதராகத்தான் பேசினார். முதல் மழைக் காலத்தில் ஜன்னலுக்குக் கீழே சுவர் உப்பியது. விரலால் அழுத்தினால் நனைந்த ரொட்டி போல உள்ளே போனது. பலகையைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளிருந்த மரச்சட்டம் பிய்த்தால் நாராக வந்தது. அந்த அழுகல் ஒரு வருடத்தில் வந்ததல்ல. பெயின்ட் அதை மறைத்திருந்தது, அவ்வளவுதான்.

அதனால் மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். கதவைத் திறந்ததும் பூஞ்சண வாடை வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் அதுவும் ஓர் அறிகுறிதான். ஜன்னல் மூலைகள், கூரை விளக்கைச் சுற்றிய இடம், அலமாரிகளின் உள்மூலை எல்லாவற்றையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். தரையில் குதிகால் ஊன்றி மெதுவாக நடங்கள். எங்காவது கால் அமுங்கினால் அடிப்பலகையின் அடுக்குகள் பிரிந்துவிட்டன என்று அர்த்தம். மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானி ஒன்று இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் புதிது போல இருந்தாலும், பல வருடம் ஒரே இடத்தில் நின்ற டயரை நம்பி வண்டியை இழுக்கக் கூடாது. மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். சுவர் உலர்ந்திருந்தால், இதையெல்லாம் பேரம் பேசி வாங்கலாம். ஈரமாக இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கேள்வி: முக்கோணச் சட்டங்களால் ஆன கோளக் கூடு மலிவு, உறுதி என்கிறார்களே?

பதில்: உறுதி என்பது உண்மை. அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் 1954-இல் காப்புரிமை வாங்கிய அந்த வடிவம் குறைந்த பொருளில் நிறைய இடத்தை மூடும். ஆனால் முக்கோணங்கள் கூடுகிற ஒவ்வொரு ஓரமும் கூரையில் ஓர் இணைப்பு, ஒவ்வோர் இணைப்பும் தண்ணீர் நுழையக்கூடிய வழி. வளைந்த சுவரில் அலமாரியும் ஒட்டாது. செடி வளர்க்க வாங்குங்கள், குடியிருக்க வேண்டாம்.

கேள்வி: எவ்வளவு சின்னதாகப் போகலாம்?

பதில்: பேரிடர் உதவிக்கான ஸ்ஃபியர் தரநிலை ஒருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் என்கிறது, அதில் சமையலிடமும் குளியலிடமும் சேராது. அது அவசர காலத்துக்கான அடிமட்ட அளவு. வருடக்கணக்கில் வாழ இரண்டு பேருக்கு 12 முதல் 15 சதுர மீட்டரும், முன்னால் கூரை போட்ட ஒரு தாழ்வாரமும் இருந்தால் மூச்சு முட்டாது. பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், அறையைக் கொஞ்சம் சுருக்கித் தாழ்வாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஈரச் செருப்பு, விறகு, அடுப்பு எல்லாம் வெளியே போய்விட்டால் உள்ளே ஈரமும் குறையும்.

கேள்வி: எங்கள் குடில் எடை குறைந்தது. பலத்த காற்றுக்குத் தாங்குமா? குளிருக்கு உள்ளே கரி அடுப்பு வைக்கலாமா?

பதில்: காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டர் சுவரைக் கிட்டத்தட்ட 70 கிலோ எடை அழுத்துவது போல அழுத்தும். எடை குறைந்த குடிலைச் செங்கல்மேல் வெறுமனே உட்கார வைக்காதீர்கள். நான்கு மூலையிலும் காங்கிரீட்டில் பதித்த இரும்போடு போல்ட் போட்டு இறுக்குங்கள், கூரைச் சட்டத்தையும் சுவரோடு இரும்புப் பட்டையால் கட்டுங்கள்.

கரி அடுப்பு உள்ளே கூடவே கூடாது. அணையும் நிலையில் உள்ள தணலும் கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். புகைபோக்கி வைத்த விறகு அடுப்பு மட்டும், அதுவும் காற்று வர ஒரு திறப்போடு. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைக் குடிலோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.