வேரில்லாமல் விழுந்த பல்

கேள்வி:

மதிப்புக்குரிய வைத்தியர் அவர்களுக்கு, என் மகனுக்கு ஆறரை வயது. தரம் இரண்டில் படிக்கிறான். கோணேசர் நகர்வலம் பார்க்கப் போயிருந்த இரவில் கச்சான் அல்வாவைக் கடித்தபோது அவனுடைய கீழ்வரிசை முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் அதில் வேரே இல்லை. அடிப்பக்கம் குழிவாக, ஓரமெல்லாம் அரித்ததுபோல் இருந்தது. வேர் முறிந்து முரசுக்குள்ளேயே தங்கிவிட்டதோ என்று அன்றிரவு எனக்கு உறக்கமே வரவில்லை. பக்கத்துப் பல் இன்னும் ஆடத் தொடங்கவில்லை; ஆனால் அதற்குப் பின்னால் புதிய பல்லொன்று எட்டிப் பார்க்கிறது, அதுவும் மஞ்சளாக இருக்கிறது. நூல் கட்டி இழுத்துவிடச் சொல்கிறார்கள் அயலவர்கள். என் அம்மாவோ, பொக்கை வாயை வானம் பார்த்தால் பல் முளைக்காது என்று பிள்ளையை வெளியில் சிரிக்கவும் விடுவதில்லை. அவனை ஒத்த வயதுடைய என் அக்காவின் மகளுக்கு நான்கு பற்கள் விழுந்து முளைத்தும் விட்டன. என் பிள்ளைக்கு ஏதேனும் குறையா?
— ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்:

அன்புச் சகோதரிக்கு, உங்கள் மகனின் முரசுக்குள் எதுவும் முறிந்து தங்கவில்லை. பாற்பல்லுக்கும் வேர் உண்டு. ஆனால் அதன் கீழே நிரந்தரப் பல் உருவாகி மேலெழும்பும்போது அந்த வேர் மெல்ல மெல்லக் கரைந்து உடலோடு சேர்ந்துவிடுகிறது. வேர் முழுவதும் கரைந்த பிறகு முரசு மட்டுமே பல்லைப் பிடித்திருக்கும். அப்போதுதான் அது ஆடி விழுகிறது. நீங்கள் கையில் வைத்துப் பார்த்த அந்தக் குழிவும் அரித்த ஓரமும், உரிய காலத்தில் முறையாக விழுந்த பல்லின் அடையாளங்கள். இரத்தம் வந்தால் சுத்தமான பருத்தித் துணியை மடித்து அந்த இடத்தில் வைத்துப் பத்து, பதினைந்து நிமிடம் கடித்திருக்கச் செய்தால் போதும்.

வானத்தைப் பற்றி அம்மா சொல்வது பழைய நம்பிக்கை. விழுந்த பல்லைக் கூரையில் எறிந்து அணிலிடம் புதுப் பல் கேட்பது பிள்ளையின் பயத்தை மகிழ்ச்சியாக மாற்றும் நல்ல வழக்கம், அதைத் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் பிள்ளையைச் சிரிக்காமல் தடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் அன்பாக எடுத்துச் சொல்லுங்கள். முளைக்க வேண்டிய பல் முரசுக்குள் ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருக்கிறது.

நூல் கட்டும் யோசனையை உறுதியாக மறுத்துவிடுங்கள். ஆடாத பல்லை இழுத்தால் கரையாத வேர் முறியலாம், முரசு கிழியலாம். அதைவிட, அந்த வலியை நினைவில் வைத்திருக்கும் பிள்ளை பிறகு பல் வைத்தியரின் கதிரையில் வாயைத் திறக்கவே மாட்டான். கீழ் முன்பற்கள் பாற்பல்லுக்குப் பின்புறமாக முளைப்பது இந்த வயதில் அடிக்கடி காணக்கூடியது. பாற்பல் விழுந்ததும் நாக்கின் அழுத்தமே புதிய பல்லைப் பெரும்பாலும் முன்னே தள்ளிவிடும். மகன் அந்தப் பல்லை நாக்காலும், கழுவிய விரலாலும் தினமும் தானே ஆட்டட்டும். இரண்டு மூன்று மாதமாகியும் அது சற்றும் ஆடவில்லை என்றால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். தேவையானால் அவர் அதை வலியில்லாமல் அகற்றிவிடுவார்.

மஞ்சள் நிறம் அழுக்கல்ல. நிரந்தரப் பல்லின் உட்பகுதி இயல்பாகவே மஞ்சள் சாயல் கொண்டது, தடிப்பானது. பால்வெள்ளைப் பல்லுக்குப் பக்கத்தில் நிற்கும்போது அது இன்னும் எடுப்பாகத் தெரிகிறது. விளிம்பில் மூன்று சிறு மேடுகள் இருந்தாலும் அஞ்ச வேண்டாம். கடித்துக் கடித்து அவை தேய்ந்துவிடும். மேல் முன்பற்கள் இடைவெளியோடு முளைத்தால், பதினொன்று, பன்னிரண்டு வயதில் வேட்டைப்பற்கள் இறங்கும்போது அந்த இடைவெளி பெரும்பாலும் குறைந்துவிடும்.

அக்காவின் மகளோடு ஒப்பிடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். பெண் பிள்ளைகளுக்குப் பொதுவாகச் சற்று முன்னதாகவே பல் விழும். குழந்தைப் பருவத்தில் தாமதமாகப் பல் முளைத்தவர்களுக்குத் தாமதமாகவே விழும். உங்கள் மகன் உரிய வயதில்தான் இருக்கிறான். நான்கு வயதுக்கு முன்பே, விபத்தோ சூத்தையோ இல்லாமல் பல் விழுந்தாலும், எட்டு வயதாகியும் ஒன்றுகூட விழாவிட்டாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒரு பல்லைப் பற்றியே நான் அதிகம் எழுத விரும்புகிறேன். ஆறு வயதை ஒட்டி, பாற்பற்கள் முடியும் இடத்துக்கு அப்பால், மேலும் கீழும் இரு பக்கங்களிலும் ஒவ்வொன்றாக நான்கு கொடுப்புப் பற்கள் முளைக்கின்றன. இவற்றுக்காக எந்தப் பல்லும் விழுவதில்லை, இரத்தம் வருவதில்லை. ஆகவே வீட்டில் யாரும் கவனிப்பதில்லை, கவனித்தாலும் பாற்பல் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். எட்டு, ஒன்பது வயதில் முகம் வீங்கி வரும் பிள்ளையின் வாயில் இந்தப் பல் பாதி கரைந்திருப்பதைக் காட்டும்போது, "விழுந்து முளைக்கிற பல்தானே, டொக்டர்?" என்று தாய்மார் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அது ஆயுள் முழுவதற்குமான பல் என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கனக்கும். பாற்பற்கள் 20, நிரந்தரப் பற்கள் 32. அந்த 32இல் பெரும்பாலும் முதலில் வருவதும், மெல்லும் வேலையில் பெரும் பங்கைச் சுமப்பதும் இவையே.

இன்றிரவு பல் துலக்கிய பின் மகனின் தலையை உங்கள் மடியில் சாய்த்து, கைத்தொலைபேசியின் வெளிச்சத்தில் கீழ்த்தாடையின் கடைசியைப் பாருங்கள். முரசின் ஒரு மடல் பாதி மூடியபடி, ஆழமான வரிகளோடு அகலமான பல்லொன்று தெரிந்தால் அதுதான். பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்திருப்பதால், வழக்கம்போல் முன்னும் பின்னும் தேய்க்கும் பிரஷ் அதைத் தொடாமலே தாண்டிவிடும். கன்னத்தின் பக்கமிருந்து பிரஷைக் குறுக்காக நுழைத்து, அந்தப் பல்லை மட்டும் தனியே தேய்த்துவிடுங்கள். புளோரைட் உள்ள பற்பசை பட்டாணி அளவு போதும். தேய்த்த பின் துப்பட்டும், வாயை நிறையத் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டாம். இரவுத் துலக்கலை அவனுக்கு எட்டு வயதாகும்வரை நீங்களே செய்யுங்கள்; இரவில் துலக்கிய பிறகு பாலோ பிஸ்கற்றோ கொடுக்க வேண்டாம்.

அந்த வரிகளில் பழுப்போ கறுப்போ தெரிந்தால் வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களிலும் அரசாங்க வைத்தியசாலைகளிலும் இந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சிகிச்சை இலவசம். உங்கள் மகனின் பாடசாலைக்கு எந்த நிலையம் உரியது என்று வகுப்பாசிரியரிடமோ, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேட்டறியலாம். சூத்தை இல்லாவிட்டாலும், ஆழமான வரிகளை அடைத்துப் பாதுகாக்கும் பூச்சு மகனுக்குப் பொருந்துமா என்று அங்கே கேளுங்கள்.

இன்னுமொன்று: கடற்கரையில் ஓடி விளையாடும் வயது. புதிதாக முளைத்த நிரந்தர முன்பல் அடிபட்டு முழுதாகக் கழன்று விழுந்தால், வேரைத் தொடாமல் பல்லின் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் தேய்க்காமல் ஒருமுறை அலசி, உடனே அதன் குழியிலேயே பொருத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு, அரை மணித்தியாலத்துக்குள் வைத்தியரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். விழுந்தது பாற்பல்லானால் அதைத் திரும்பப் பொருத்தக் கூடாது. கீழே உருவாகும் பல் அதனால் சேதமடையும்.