துபாயில் இருக்கும் மகனோடு கதைக்கப் புதுப் போன் வேண்டுமா?

கேள்வி: மகன் வேலைக்குத் துபாய் போய் இரண்டு மாதமாகிறது. வாட்ஸ்அப்பில் மெசேஜ் வருகிறது, போட்டோவும் வருகிறது. கோல் எடுத்தால் மட்டும் சரிவருவதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை மலேசியாவில் இருந்து தினமும் வீடியோவில் கதைக்கிறான். போன் கடையில் கேட்டால், "உங்கட போன் பழசு, 60,000 ரூபாய்க்கு ஒன்று எடுங்க" என்கிறார்கள். நகையை அடகு வைத்தாவது எடுக்கட்டுமா? மகனுடைய இலங்கை சிம்மை வைத்திருப்பதா, விடுவதா என்றும் சொல்லுங்கள்.
– ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: எடுக்க வேண்டாம் அம்மா. உங்கள் போனில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை. துபாய் இருக்கும் ஐக்கிய அரபு இராச்சியத்தில் வாட்ஸ்அப் கோலும் வீடியோ கோலும் தடுக்கப்பட்டிருக்கின்றன. இணையத்தில் கதைக்க, அந்த நாடு அனுமதித்த செயலிகள் மட்டுந்தான் அங்கே வேலை செய்யும். மெசேஜுக்கும் போட்டோவுக்கும் தடை இல்லை, அதனால் அவை வருகின்றன. மலேசியாவில் இந்தத் தடை கிடையாது. எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும், மகன் அங்கே இருக்கும்வரை வாட்ஸ்அப் கோல் இப்படித்தான். இதை விசாரிக்காமல் ஒரு தாயிடம் புதுப் போனை விற்கப் பார்ப்பது எனக்குக் கோபமாக இருக்கிறது. பிள்ளை வெளிநாட்டில் இருக்கிற வீடுகள் நம் பக்கம் நிறைய. எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

போடிம் என்ற செயலி அங்கே அனுமதிக்கப்பட்டது. உங்கள் போனிலும் மகனுடைய போனிலும் அதைப் போட்டுக்கொண்டால் முகம் பார்த்தே கதைக்கலாம். இதற்குத் தனிப் பொதி எடுக்க வேண்டுமா என்பதை அங்குள்ள சிம் கம்பனியிடம் மகன் முதலில் கேட்கட்டும். ஸூம், கூகுள் மீட் இரண்டும் போகும். ஸூமில் காசு கட்டாவிட்டால் 40 நிமிடத்தோடு நின்றுவிடும். இணையம் மந்தமான நாட்களில் வாட்ஸ்அப்பிலேயே குரல்பதிவு அனுப்புங்கள், அது போய்ச் சேரும். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்னால். அங்கே எட்டு மணிக்கு வேலை முடிந்தால் இங்கே ஒன்பதரை.

இணையத் தடையைச் சுற்றிப் போக உதவும் விபிஎன் போட்டால் வாட்ஸ்அப்பிலேயே கதைக்கலாம் என்று அறையில் கூட இருப்பவர்கள் சொல்லக்கூடும். மகன் அதைக் கேட்கவே வேண்டாம். குற்றம் செய்யவோ மறைக்கவோ விபிஎன் பாவித்தால் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் 5 லட்சம் திர்ஹாமில் தொடங்கி 20 லட்சம் வரை போகும். சம்பளத்துக்குப் போன பிள்ளை அந்த ஆபத்துக்குள் போகக் கூடாது.

இலங்கை சிம்மை விட வேண்டாம். மகனுடைய வங்கிக் கணக்கு அந்த இலக்கத்தில் இருந்தால் வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண்ணான ஓடிபி அதற்குத்தான் வரும். போனில் இரண்டு சிம் போடலாம் என்றால் அதை இரண்டாவதாகப் போட்டு, வெளிநாட்டிலும் அந்த சிம் வேலை செய்வதற்கான ரோமிங்கைத் திறந்து, டேட்டா ரோமிங்கை மட்டும் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். அதைத் திறந்து விட்டால் காசு கரைந்துவிடும். இடைக்கிடை நீங்கள் இங்கிருந்து ரீலோட் போட்டு விடுங்கள். நீண்ட நாள் பாவிக்காத இலக்கத்தைக் கம்பனி துண்டித்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம். அப்புறம் வங்கியும் வாட்ஸ்அப்பும் சேர்ந்து சிக்கலாகிவிடும். சாதாரண கோல் எடுப்பதற்கு உங்கள் இலக்கத்தை முன்னால் உள்ள சைபரை விட்டு +94 போட்டு மகன் பதிந்துகொள்ளட்டும். மகனுடைய அங்கத்தைய இலக்கத்தை நீங்களும் அப்படியே +971 போட்டுப் பதியுங்கள்.

உங்கள் போன் உண்மையிலேயே பழுதாகி வாங்க வேண்டி வந்தால், காசு கொடுக்கும் முன் அந்தப் போனில் *#06# அழுத்தி வரும் 15 இலக்க எண்ணைப் பாருங்கள். IMEI என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணை 1909க்கு மெசேஜ் அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குமுறை ஆணைக்குழுவில் பதிவான போனா என்று பதில் வரும். அந்த எண் எழுதிய பற்றுச்சீட்டும் வாங்குங்கள். தர மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977இல் சொல்லலாம்.