வாசகர் கேள்வி பதில்: குடும்பமாகப் பார்க்கத்தக்க மாயாஜாலப் படம் எது?

கேள்வி: பாடசாலை விடுமுறையில் புதிதாக வந்த மாயாஜாலப் படமொன்றுக்கு நானும் கணவரும் பிள்ளைகள் இருவரும் மாமியாருமாகப் போயிருந்தோம். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6. ஐந்து ரிக்கெற், ஓட்டோ, இடைவேளையில் சோளப்பொரி என்று ஒரு கிழமைச் சாமான் வாங்கும் காசு போய்விட்டது. மகன் பாதியில் நித்திரையாகிவிட்டான். மாமியாரோ, "இடிமுழக்கம் தவிர வேறொன்றும் நினைவில்லை" என்கிறார். அடுத்த முறை எதைப் பார்த்துப் படத்தைத் தெரிவுசெய்வது?
- ஒரு தாயார், வெள்ளவத்தை

பதில்: மாமியார் பாதிப் பதிலைச் சொல்லிவிட்டார். மாயாஜாலப் படம் எதுவானாலும் நான் முதலில் தேடுவது, அந்த மாயத்துக்கு ஓர் எல்லை இருக்கிறதா என்பதைத்தான். கையை அசைத்தால் எதுவும் நடக்கும் என்றாகிவிட்டால், கதாநாயகன் ஆபத்தில் இருப்பதாக எவ்வளவு இசை முழங்கினாலும் ஆறு வயதுப் பிள்ளைகூட அதை நம்பாது; உங்கள் மகன் களைப்பினால்தான் உறங்கினான் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் அம்மம்மாமார் சொன்ன கதையில் அரக்கனின் உயிர் ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு கிளிக்குள் இருந்தது. அவ்வளவு பெரிய அரக்கனுக்கும் கழுத்தைத் திருகினால் முடிந்துபோகும் ஒரு கிளி இருந்தபடியால்தான், கேட்டுக்கொண்டிருந்த நாமும் கண்மூடாமல் இருந்தோம்.

ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகி 2001இல் தந்த 'ஸ்பிரிட்டட் அவே' என்ற சித்திரப் படத்தில் அந்தக் கிளியின் இடத்தில் இருப்பது ஒரு பெயர். ஆளில்லாத கடையொன்றில் பரப்பியிருந்த உணவைக் கேளாமல் அள்ளி உண்ட தாயும் தகப்பனும் பன்றிகளாகிவிட, அவர்களை மீட்பதற்காக, ஆவிகளும் தெய்வங்களும் வந்து நீராடும் விடுதியொன்றில் 10 வயதுச் சிறுமி சிஹிரோ வேலைக்குச் சேர்கிறாள். விடுதிக்காரி அவளுடைய பெயரின் எழுத்துகளைப் பறித்து, 'சென்' என்று கூப்பிடுகிறாள்; சொந்தப் பெயரை மறந்துவிட்டால் வீடு திரும்ப வழியில்லை. விதி இவ்வளவுதான். தன் பெயர் படிவத்துக்குப் படிவம் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டு வரக் கண்டிருக்கும் கொழும்புத் தமிழ்ப் பிள்ளைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதே படத்தில், நீர் மூடிய தண்டவாளத்தின் மேல் ரயிலொன்று போகும். சில நிமிடங்களுக்குச் சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை. நிழல் போன்ற பயணிகள் இறங்கிப் போகிறார்கள், சிறுமி கையை மடியில் வைத்தபடி அமர்ந்திருக்கிறாள், வெளியே பொழுது சாய்கிறது. வெள்ளவத்தையில் ஏறிக் கடலை ஒட்டிக் காலிப் பக்கம் போயிருக்கும் உங்கள் பிள்ளைகள் அந்த ஜன்னலை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். இப்படி மூச்சுவிட இடம் தராத படம், வீடு திரும்பும்போது மனத்தில் சத்தத்தை மட்டுமே மிச்சம் வைக்கும்.

மாமியாருக்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும். கே. வி. ரெட்டியின் இயக்கத்தில் 1957இல் தமிழிலும் தெலுங்கிலும் வந்த 'மாயா பஜார்' படத்தை அவரோடு இருந்து பாருங்கள். கடோற்கசனாக வரும் ரங்காராவின் வாய்க்குள் கல்யாண லட்டுகள் தாமாகவே பாய்கையில் மகன் சிரிப்பான். பெரியவர்கள் ரசிப்பதற்கு இன்னொன்று இருக்கிறது: கடோற்கசன் மணப்பெண் வத்சலாவின் உருவமெடுத்து வருவதால், பெண்ணுடலுக்குள் இருக்கும் அரக்கனாகச் சாவித்திரி நடிக்க நேர்கிறது. ஆட்கள் எதிரில் வந்தால் தலைகுனிந்த நாணம். அவர்கள் முதுகைத் திருப்பியதும் நெஞ்சை நிமிர்த்தி ஓர் அரக்க நடை. எந்தத் தந்திரக் காட்சியும் அந்த நடைக்கு ஈடாகாது என்பது என் கட்சி.

ஆகவே, முன்னோட்டத்தை வீட்டில் ஒருமுறை போட்டுக் காட்டிவிட்டு, யாருக்கு என்ன வேண்டியிருக்கிறது, எது தடுக்கிறது என்று மகளிடம் கேளுங்கள். அவளால் சொல்ல முடியாவிட்டால், எத்தனை கோடி செலவழித்து எடுத்தார்கள் என்ற விளம்பரத்தை நம்பி ரிக்கெற் எடுக்க வேண்டாம்.

கேள்வி: பயங்கர உருவங்கள் வரும் படத்துக்குச் சிறுபிள்ளையைக் கூட்டிச் செல்லலாமா?
- ஒரு தகப்பனார், கொட்டாஞ்சேனை

பதில்: பயமே இல்லாத மாயக் கதை உப்பில்லாத கஞ்சி. பயமுறுத்திய உருவத்தைப் படம் பிறகு என்ன செய்கிறது என்று பாருங்கள். மேலே சொன்ன ஜப்பானியப் படத்தில், விடுதி ஆட்களை விழுங்கித் திரிந்த முகமற்ற உருவம் முடிவில் ஒரு கிழவியின் வீட்டில் அடக்கமாக இருந்து நூல் நூற்கிறது. அதைக் கண்ட பிள்ளை இரவில் விளக்கை அணைக்க விடும். மற்றபடி, கதவோரமாக உள்ள ஆசனமே நல்லது.

கேள்வி: முப்பரிமாணத்தில் பார்ப்பதற்கு மேலதிகமாகக் காசு கொடுப்பது தகுமா? ஆங்கிலப் படமென்றால் சின்னவனுக்கு மொழியும் விளங்குவதில்லை.
- ஒரு வாசகி, தெஹிவளை

பதில்: பெரும்பாலும் தகாது. இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம் 1984இல் மலையாளத்தில் வந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்'. கண்ணாடி போட்டுப் பார்த்த அந்தப் படத்தில்கூட, பிள்ளைகள் சுவரிலும் கூரையிலும் நடந்து போகும் பாடல்தான் பலருக்கு மனத்தில் நிற்கிறது. கணினி வேலை ஏதுமின்றி, அறை முழுவதையும் சுழலும்படி கட்டி, அதற்குள் பிள்ளைகளை உண்மையாகவே நடக்கவிட்டு எடுத்த காட்சி அது. சாதாரணத் தொலைக்காட்சியில் பார்த்தாலும் வாய் பிளக்கும்.

மொழி விடயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். உபதலைப்பை வாசிக்கும் வேகம் வராத பிள்ளைக்குத் தமிழில் குரல் கொடுத்த பிரதி கிடைத்தால் அதுவே நல்லது; இல்லையென்றால் பக்கத்திலிருந்து காதோடு சொல்ல வேண்டியதுதான். என் மகள் சிறியவளாக இருந்தபோது அப்படி ஒரு படம் முழுவதையும் நான் முணுமுணுத்துக்கொண்டிருக்க, பின்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் என் தோளைத் தட்டினார். மன்னிப்புக் கேட்கத் திரும்பினேன். "கொஞ்சம் பலமாகச் சொல்லுங்கள் தம்பி, எனக்கும் விளங்கவில்லை" என்றார்.