வெயில் நீலம், தறிச் சத்தம், மலைப் பனி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஏற்காட்டிலிருந்து கொண்டுவந்த பெரணி இலைகளை வைத்து மொட்டை மாடியில் சயனோடைப் அச்சு (மருந்து பூசிய தாளை வெயிலில் காட்டி எடுக்கும் நீலப் படம்) எடுக்கிறேன். வெயிலில் நீலம் நன்றாக ஏறுகிறது. தண்ணீரில் அலசியதும் பாதி போய்விடுகிறது, மிச்சமும் சில நாளில் வெளுக்கிறது. மருந்து கெட்டுவிட்டதா?
— கல்லூரி மாணவி, அம்மாபேட்டை

பதில்: மருந்தைவிடத் தண்ணீரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். சயனோடைப் நீலத்துக்குக் காரம் (அமிலத்துக்கு எதிரான தன்மை) ஆகாது. வெள்ளைக்கல் (மேக்னசைட்) வெட்டும் ஊர் நம் சேலம். பல இடங்களில் போர்த் தண்ணீர் கடினம், காரமும் சேர்ந்தே வரும். அந்தத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறப்போட்டால் நீலம் கரையத்தான் செய்யும். முதல் அலசலுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 30 மி.லி. வெள்ளை வினிகர் கலந்து 5 நிமிடம் வையுங்கள். பிறகு ஆர்.ஓ. தண்ணீரிலோ மழைத் தண்ணீரிலோ மஞ்சள் சாயல் முழுதும் போகும்வரை அலசுங்கள்; 10 நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

அடுத்தது காகிதம். ஜெராக்ஸ் தாளிலும் சில ஓவியத் தாள்களிலும் சுண்ணாம்புச் சத்து சேர்த்திருப்பார்கள். இன்று அழகாக இருக்கும் அச்சு சில நாளில் வெளுக்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். காரம் சேர்க்காத, முழுப் பருத்தி வாட்டர்கலர் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

மருந்து அளவையும் ஒருமுறை சரிபாருங்கள். பச்சை ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராம் 100 மி.லி. தண்ணீரில், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம் இன்னொரு 100 மி.லி. தண்ணீரில். இரண்டையும் தனித்தனிப் பழுப்பு பாட்டிலில் வைத்து, பூசும்போது மட்டும் சம அளவு கலக்க வேண்டும். 10 மி.லி. கலவை ஏ4 தாள் நாலைந்துக்கு வரும். சிட்ரேட் கரைசலில் பூஞ்சை பிடித்தால் காபி ஃபில்டர் தாளில் வடிகட்டிக்கொள்ளலாம். இரும்புப் பட்டை போட்ட பிரஷ் வேண்டாம், துரு பட்ட இடமெல்லாம் நீலப் புள்ளி விழும். ஃபெரிசயனைடு பக்கத்தில் கழிவறை கழுவும் ஆசிட் போன்ற கடும் அமிலம் எதையும் கொண்டுபோகாதீர்கள், சூடும் படுத்தாதீர்கள். நச்சு வாயு கிளம்பும். வினிகர் அலசலால் ஆபத்தில்லை. சமையல் பாத்திரத்தை மட்டும் இதற்கு எடுக்கக் கூடாது.

வெயில் போதாவிட்டாலும் நீலம் தண்ணீரோடு போகும். பூச்சு மஞ்சள் கலந்த பச்சையிலிருந்து நீலப்பச்சையாகி, கடைசியில் மங்கிய சாம்பல் நிறத்துக்கு வரவேண்டும். நீலப்பச்சையிலேயே எடுத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். சேலத்து உச்சி வெயிலில் பொதுவாக 5 முதல் 10 நிமிடம் பிடிக்கும். ஒரு துண்டுத் தாளை அட்டையால் மறைத்து, 2 நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்த்தால் உங்கள் மாடிக்கான நேரம் தெரிந்துவிடும்.

பெரணியைப் பறித்ததும் வைக்காதீர்கள். செய்தித்தாளுக்குள் இரண்டு நாள் அழுத்தி, ஈரம் போன பிறகு வைத்தால் கறை விழாது. மேலே 3 மி.மீ. கண்ணாடி வைத்து நான்கு பக்கமும் கிளிப் போடுங்கள். காபி இலை தடிமன், வெறும் நிழலுருவம்தான் கிடைக்கும். பெரணியின் மெல்லிய நுனிகளில் வெளிச்சம் ஊடுருவி, உள் நரம்புவரை நீலத்தின் நாலைந்து சாயல்கள் விழும். அதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம். ஏற்காட்டிலேயே எடுப்பதானால் பனிமூட்ட நாளில் நேரம் கூடும். வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் வருவதால் இலை தாளோடு ஒட்டியிருக்காத இடத்தில் விளிம்பு கலங்கும்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கைத்தறிச் சத்தத்தை வைத்து இசை செய்ய ஆசை. செல்போனில் பதிவு செய்தால் தெருச் சத்தமும் பேச்சும்தான் பெரிதாகக் கேட்கிறது.
— நெசவாளர் வீட்டு இளைஞர், கொண்டலாம்பட்டி

பதில்: காற்றில் வரும் சத்தத்தை விட்டுவிட்டு, மரத்துக்குள் ஓடும் அதிர்வைப் பிடியுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் பஸ்ஸருக்கு விற்கும் 27 மி.மீ. பீசோ தட்டு (அதிர்வை மின்சாரமாக்கும் வட்டத் தகடு) போதும், விலையும் மிகக் குறைவு. ஷீல்டு உள்ள கேபிளின் உள் கம்பியை நடுவிலுள்ள வெள்ளை வட்டத்திலும், சுற்றுப் பின்னலைப் பித்தளை விளிம்பிலும் பற்றவையுங்கள். வெள்ளை வட்டத்தில் இரண்டு வினாடிக்கு மேல் சூடு வைத்தால் மேல்பூச்சு உரிந்துவிடும். தட்டு முழுவதையும் இன்சுலேஷன் டேப்பால் மூடிவிடுங்கள்.

அதைச் செல்போனில் நேராகச் செருகினால் சத்தம் மெலிந்து, அடித்தொனி இல்லாமல் வரும். பீசோவுக்கு ஒரு மெகா ஓம் அளவுக்கு உள்ளீட்டுத் தடை வேண்டும். போனின் மைக் உள்ளீட்டில் அது சில ஆயிரம் ஓம்தான். கிட்டார் செருகும் வசதியுள்ள சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கொடுத்தால் மிதியின் கனத்த ஒலியும் முழுதாக வரும்.

ஆடும் பலகையில் ஒட்டாதீர்கள், ஒயர் சிக்கும். நிலையான தூணில், நாடா (ஊடை நூலோடு ஓடும் கட்டை) வந்து நிற்கும் பக்கத்தில், கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். லேசாக ஒட்டினால் அதிர்வு ஏறாது. பலகை அடிக்கும் அடி திடீரென உயரும். மிக உரத்த அடி மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாதபடி அளவை வையுங்கள். அளவு மீறி உச்சி வெட்டுப்பட்ட ஒலியைப் பிறகு சரிசெய்யவே முடியாது. பதிவு அமைப்பு: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. இடைவிடாத ‘ம்ம்’ ஒலி கேட்டால் அது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். ஷீல்டு விட்டிருக்கிறதா என்று பாருங்கள், டியூப்லைட்டை அணைத்துப் பாருங்கள்.

இசையாக்க ஒரு வழி: ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் சரியாக 4 வினாடித் துண்டு ஒன்றை வெட்டுங்கள். அதே பதிவைக் கடைசியில் 0.1 வினாடி கூட விட்டு இன்னொரு துண்டாக்குங்கள். ஒன்றை இடப்பக்கம், மற்றதை வலப்பக்கம் போட்டுத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் இரண்டும் மெல்ல விலகி, நடுவில் யாரும் அடிக்காத தாளங்கள் பிறந்து, 164-ஆவது வினாடியில் மறுபடி சேரும். அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1965-ல் இரண்டு டேப் ரெக்கார்டர்களை வைத்துச் செய்ததும் இந்த விலகல்தான். வெட்டும் இடத்தில் ‘டிக்’ என்று கேட்டால், ‘இசட்’ விசையை அழுத்தி அலை பூஜ்யத்தைத் தொடும் இடத்துக்குத் தேர்வை நகர்த்திவிட்டு வெட்டுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் பனிமூட்டத்தைப் படமெடுத்தால் எல்லாம் அழுக்குச் சாம்பலாக வருகிறது.
— அஸ்தம்பட்டி வாசகர்

பதில்: வெள்ளையைச் சாம்பலாக்குவது கேமராவின் அளவிடும் முறை. எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) பிளஸ் 1 வரை ஏற்றுங்கள், அடர்ந்த பனியில் பிளஸ் 1.5. போனில் திரையைத் தொட்டு, சூரியக் குறியை மேலே தள்ளுங்கள், வெளிச்சத்தையும் நிழலையும் சமன்படுத்தும் எச்.டி.ஆரை அணைத்துவிடுங்கள், பனியின் மென்மையை அது கெடுக்கிறது. வெறும் பனி படமாகாது. ஐந்தாறு மீட்டருக்குள் கறுத்த சில்வர் ஓக் மரம் ஒன்றாவது முன்னால் நிற்க வேண்டும்.

ஏ.சி. காரிலிருந்து இறங்கிய உடனே கேமராவை எடுத்தால் லென்ஸில் நீர் பூக்கும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்து, பிறகு திறக்கவும். வீடு திரும்பியதும் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். மலை ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தால் செலவு பெரிது.

கேள்வி: இணையத்தில் எப்போதும் ஒரே மாதிரிப் படங்கள்தான் வருகின்றன. மாணவர்களுக்குக் காட்ட வித்தியாசமான கலைப் படைப்புகளை எங்கே தேடுவது?
— ஓவிய ஆசிரியர், ஆத்தூர்

பதில்: ‘அழகான படங்கள்’ என்று தேடினால் எல்லோருக்கும் வருவதுதான் உங்களுக்கும் வரும். செய்முறையின் பெயரையும் ஆளின் பெயரையும் வைத்து, அருங்காட்சியகங்களின் தளங்களுக்குள்ளேயே தேடுங்கள். சயனோடைப்பை ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தது 1842-ல். அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை அந்த நீலத்தில் அச்செடுக்கத் தொடங்கினார். அந்தப் பக்கங்கள் நியூயார்க் பொது நூலகத்தின் தளத்தில் பார்க்கக் கிடைக்கின்றன.

நம் பக்கத்துக்கு லின்னேயஸ் டிரைப். சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக இருந்து அவர் எடுத்த படங்களில், அன்றைய சேலம் மாவட்டத்து இராயக்கோட்டைக்கும் அம்மாவட்டத்தின் பிற இடங்களுக்குமாக 1858-ல் ஒரு தொகுப்பு வந்தது. அக்கால நெகட்டிவ்களிலிருந்து அச்செடுத்தால் நீலவானம் வெறும் வெள்ளையாகிவிடும். அதனால் சில படங்களில் மேகத்தை அவர் நெகட்டிவ்மீது கையாலேயே தீட்டினார். மாணவர்களை ‘எது மேகம், எது தூரிகை’ என்று தேடவிடுங்கள். லண்டன் வி அண்ட் ஏ (விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்) அருங்காட்சியகத் தளத்தில் அவர் பெயரைக் கொடுத்தால் படங்கள் வரும். நேரில் கூட்டிப்போக முடியுமானால் சென்னை சோழமண்டலம் கலைஞர் கிராமத்துக்குப் போகலாம்; ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முயற்சியில் 1966-ல் உருவானது அது.

கேள்வி: தாரமங்கலம் கோயில் சிற்பங்கள் படத்தில் தட்டையாகத் தெரிகின்றன. என்ன செய்ய?
— ஓமலூர் வாசகர்

பதில்: ஃபிளாஷைத் தொடவே வேண்டாம், நேர் வெளிச்சம் ஆழத்தை அழித்துவிடும். பக்கவாட்டில் வெளிச்சம் வழுக்கும் காலையிலோ மாலையிலோ போங்கள். நிழல் மிகவும் கறுத்தால் எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை தெர்மோகோல் அட்டையைப் பிடித்தால் போதும். அங்குள்ள வாலி சிற்பத்தையும் ராமர் சிற்பத்தையும் தனித்தனியே எடுப்பதோடு நிறுத்தாதீர்கள். ராமர் நிற்கும் இடத்திலிருந்து வாலி தெரிவதையும், வாலி இருக்கும் இடத்திலிருந்து ராமர் மறைவதையும் ஒரே லென்ஸில், ஒரே உயரத்தில் இரண்டு படமாக எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சிற்பி கணக்குப் போட்டது அந்த இடைவெளியைத்தான். டிரைபாட் கொண்டுபோவதற்கு முன் கோயில் அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.