பழைய புல்லட்டின் ஃப்ரேமுக்கு வண்ணம் பூசுவதற்கு முன்

கேள்வி: என் தந்தையார் 1978இல் வாங்கிய புல்லட் 350 வண்டியை முழுவதுமாகக் கழற்றி வைத்திருக்கிறேன். முன்பு ஒரு முறை, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து ஃப்ரேமுக்குப் பெயின்ட் அடித்தேன். அடுத்த மழைக்காலத்திலேயே கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. கம்பி பிரஷ், உப்புத்தாள், ஸ்பேனர்கள் தவிர வேறு கருவி என்னிடம் இல்லை. இந்த முறை எப்படிச் செய்வது?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: உங்களிடம் இருக்கும் கருவிகளே போதும், தவறியது வேலையின் வரிசை என்றே தோன்றுகிறது. கடலோர ஊரில் பல ஆண்டுகள் ஓடிய வண்டியின் துருக்குழிகளில் உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருக்கும். கழுவாமல் தேய்த்தால் அவை குழிக்குள் மேலும் அழுந்தும்; பிறகு அந்த உப்பு பெயின்ட்டுக்கு அடியில் ஈரத்தை இழுத்துக் கொப்புளமாக எழும்பும். ஆகவே முதலில் மண்ணெண்ணெயால் பிசுக்கை நீக்கி, சோப்புத்தூள் கரைத்த வெந்நீரில் தேய்த்து, உப்பில்லாத நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, குழாய்களுக்குள் புகுந்த நீர் வடியும்படி ஃப்ரேமைத் தலைகீழாக வெயிலில் சாய்த்து வையுங்கள்.

தேய்ப்பதற்கு முன் மரை உள்ள துளைகளில் பழைய போல்ட்டுகளை முடுக்கி, கோன்செட் கிண்ணங்கள் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்கின் கிண்ணங்கள்) அமரும் இடங்களைத் துணியால் அடைத்துவிட வேண்டும். கழுத்துப் பகுதியில் பொறித்த சேசிஸ் எண்ணின் மேல் கம்பி பிரஷ்ஷையோ முரட்டுத் தாளையோ வைக்காதீர்கள். எண் மழுங்கினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். குழாய்களுக்கு 80ஆம் எண் துணி எமரியை (துணியில் ஒட்டிய முரட்டு உப்புத்தாள்) ஓரங்குல நாடாவாகக் கிழித்துச் சுற்றி, மத்துக் கயிற்றை இழுப்பதுபோல் இரு கைகளாலும் மாறி மாறி இழுங்கள். தட்டையாகத் தேய்ப்பதைவிட வேகமாகவும் சீராகவும் வரும். பின்பு 120, 220 என மென்மைப்படுத்தினால் போதும். பளபளப்பாக்கினால் ப்ரைமர் எனும் அடிப்பூச்சுக்குப் பிடிப்பு இராது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதை வாட்டர் பேப்பரால் (நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்தே தேய்த்து, முகக்கவசமும் அணியுங்கள்.

பேட்டரிப் பெட்டியைத் தாங்கும் பகுதியை, ஆசிட் சிந்தியிருக்கும் என்பதால், ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். புல்லட்டில் எஞ்சினே ஃப்ரேமின் ஒரு பகுதியாக நின்று சுமை தாங்குவதால், எஞ்சின் பிடிமானங்களைச் சுற்றி விரிசல் தேடுவது அவசியம்: மண்ணெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூளைப் பூசினால், விரிசல் இருக்குமிடத்தில் எண்ணெய் கசிந்து மெல்லிய கோடாகத் தெரியும். பித்தளைப் பற்று வைத்த இணைப்பில் அப்படியொரு கோடு தெரிந்தால் ஆர்க் வெல்டிங் கூடாது. கேஸ் தீயில் பித்தளையை உருக்கி ஒட்டத் தெரிந்தவரைத்தான் தேட வேண்டும். அந்த வேலை முடியும்வரை பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்.

குழிகளில் மிஞ்சிய துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றியைத் தடவி, டப்பாவில் சொல்லியபடி கழுவி உலர்த்துங்கள். உங்கள் ஊர்க் காற்றில் வெறும் இரும்பு ஓரிரவிலேயே செம்பழுப்பாகிவிடும் என்பதால், கடைசித் தேய்ப்பைக் காலையில் முடித்து, தின்னர் நனைத்த துணியால் துடைத்து, கை படாமல் அன்றே ப்ரைமர் அடித்துவிடுங்கள். சாதாரண ரெட் ஆக்சைடு ப்ரைமர் என்றால் மேலே எனாமல் பெயின்ட்தான் பொருந்தும், என்.சி. (நைட்ரோ செல்லுலோஸ்) பெயின்ட் அடித்தால் அதன் தின்னர் ப்ரைமரைச் சுருக்கிக் கிளப்பிவிடும். எஞ்சின் பிடிமானப் பரப்புகளில் மட்டும் பூச்சு மெல்லியதாக இருக்கட்டும், தடித்த பூச்சு நசுங்கினால் போல்ட் தளர்ந்துபோகும்.